மாத்திரை வாங்க வருபவரிடம் மதுவை அளப்பது எப்படி: குமரி மாவட்டத்துக்கான ஓர் ஒப்பீடு

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் பதிவேட்டில் குடிப்பழக்கம் என்ற கட்டத்துக்கு நேராக "இல்லை" என்று எழுதியிருக்கும் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம், அந்த ஒரே சொல்லின் பின்னால் நிற்கும் வெவ்வேறு மனிதர்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு. உண்மையிலேயே குடிக்காதவர் ஒருவர். குடிப்பவர்தான், ஆனால் கேள்வி கேட்டபோது மனைவி பக்கத்தில் நின்றதால் தலையை மட்டும் அசைத்தவர் இன்னொருவர். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு 41 நாள் விரதத்தில் இருந்ததால் அந்த மாதத்துக்கு மட்டும் பொருந்தும் உண்மையைச் சொன்னவர் மற்றொருவர். கடைசியாக ஒருவர்: அவரிடம் யாரும் கேட்கவே இல்லை, கூட்டம் அதிகமாக இருந்த நாளில், முந்தைய வருகையில் எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். இம்மாவட்டத்து மையம் ஒன்றில் ஆலோசகராக இருந்த காலத்தில் இந்த நான்கு விதமான "இல்லை"யையும் நானும் எழுதியிருக்கிறேன். அது குறித்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை பெறுவோரின் மதுப் பயன்பாட்டை ஒழுங்காக அளந்து, அதை ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனைகளோடு சேர்க்க வேண்டும் என்று நினைக்கும் ஆலோசகர்கள், செவிலியர்கள், மருத்துவர்கள், எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் கூட்டமைப்பினர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கேள்வி கேட்டு அளக்கலாம். ஊதச் சொல்லி அளக்கலாம். சிறுநீரிலோ இரத்தத்திலோ அளக்கலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையில் ஒரு பங்கைச் சிகிச்சை பெறுபவரே கொடுக்கிறார். ஆகவே துல்லியத்தை மட்டும் வைத்து இம்முடிவை எடுக்க முடியாது என்பது என் கருத்து.

இந்தியாவில் அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கியது. இன்று பெரும்பாலோர் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை நாளுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மாத்திரையை மதுவுக்காக நிறுத்த வேண்டும் என்று சொல்லத்தக்க மோதல் எதுவும் இவ்விரண்டுக்கும் இடையில் இல்லை. தீங்கு வேறு வழிகளில் வருகிறது. போதையில் மாத்திரை மறந்துபோகிறது. காசநோய்த் தடுப்புக்காக ஆறு மாதம் கொடுக்கப்படும் ஐசோநயசிட் கல்லீரலைத் தொல்லைப்படுத்தக்கூடியது. மதுவும் சேர்ந்தால் அந்த ஆபத்து கூடுகிறது. ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி இருப்பவரின் கல்லீரலுக்கு அது இரட்டைச் சுமை. இவற்றோடு, "தண்ணி போட்ட அன்னைக்கு மாத்திரை போட்டா விஷமாயிடும்" என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கை உள்ளவர் குடிக்கும் நாள்களில் வேண்டுமென்றே மாத்திரையை விட்டுவிடுகிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடிப்பவர் வாரத்தில் இரண்டு மாத்திரையை விடுகிறார் என்று பொருள். நாம் மதுவை அளக்கும்போது உண்மையில் தேடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த விடுபட்ட நாள்களைத்தான்.

எதற்காக அளக்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால் ஒப்பீடு தடுமாறும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு உதவுவதற்காக அளப்பது ஒன்று. ஒரு மையத்தில் வருவோர் எல்லோரையும் சேர்த்து, குடிநோய் ஆலோசனைக்கு எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று திட்டமிடுவதற்காக அளப்பது வேறொன்று. ஒருவரின் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 1000 பிரதிகளுக்கு மேல் போனபின் அதற்கான காரணத்தைத் தேடுவது மூன்றாவது. முதலாவதற்கு நம்பிக்கை வேண்டும். இரண்டாவதற்குக் குழு முழுவதற்கும் பொருந்தும் சரியான எண் வேண்டும். மூன்றாவதற்குக் கடந்த சில வாரங்களின் நாள்வாரியான விவரம் வேண்டும். ஒரே கருவி மூன்றையும் தராது.

கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற 10 கேள்விகள் கொண்ட வினாத்தாளே உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுகிறது. மொத்த மதிப்பெண் 40. 8 அல்லது அதற்கு மேல் என்றால் தீங்கு தரும் குடி என்றும், 20 அல்லது அதற்கு மேல் என்றால் குடிநோயாக இருக்கக்கூடும் என்றும் கொள்வது வழக்கம். அதன் முதல் மூன்று கேள்விகளை மட்டும் எடுத்தது ஆடிட்-சி. எத்தனை முறை குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் எத்தனை அளவு, ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ போவது எவ்வளவு அடிக்கடி என்ற மூன்றே கேள்விகள். மொத்தம் 12 மதிப்பெண். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தால் மேலும் பேச வேண்டும். கேஜ் என்ற நான்கு கேள்விகள் பழையவை. குடியைக் குறைக்க நினைத்தீர்களா, பிறர் குறை சொன்னார்களா, குற்றவுணர்வு வந்ததா, காலையில் எழுந்ததும் தேவைப்பட்டதா என்று அவை கேட்கின்றன. அவை வாழ்நாள் முழுவதையும் பற்றியவை, அளவைப் பற்றி ஒன்றும் சொல்லாதவை. நம் தேவைக்கு அவை பொருந்தா.

ஆடிட்-சியின் பெரிய சிக்கல் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அங்கே "ஓர் அளவு" என்பது 10 கிராம் ஆல்கஹால். தமிழ்நாட்டில் விற்கும் பிராந்தியும் ரம்மும் 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்டவை; அவற்றில் 30 மி.லி.தான் ஓர் அளவு. ஆனால் நம் ஊரில் யாரும் 30 மி.லி. கணக்கில் குடிப்பதில்லை, பேசுவதுமில்லை. பேச்சில் இருப்பது கட்டிங், குவாட்டர், ஆஃப், ஃபுல். 90 மி.லி. கட்டிங் மூன்று அளவு. 180 மி.லி. குவாட்டர் ஆறு அளவு. 375 மி.லி. ஆஃப் பன்னிரண்டுக்கும் மேல். 650 மி.லி. பீர் பாட்டில் சாதாரண வகையானால் இரண்டரை, ஸ்ட்ராங் வகையானால் நான்கு.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஒரு குவாட்டர் குடிக்கும் கொத்தனார் ஒருவர் வருகிறார். "குடிக்கும்போது எவ்வளவு?" என்று கேட்டால் "ஒண்ணுதான்" என்பார். கேட்பவர் ஒன்று என்றே எழுதிவிட்டால் முதல் கேள்விக்கு 3, இரண்டாவதற்கு 0, மூன்றாவதற்கு 0, மொத்தம் 3. கவலையில்லை என்று பதிவேடு சொல்லும். அவருடைய "ஒண்ணு" குவாட்டர் என்று புரிந்து எழுதினால் முதல் கேள்விக்கு 3, இரண்டாவதற்கு 2, வாரந்தோறும் ஆறு அளவைத் தொடுவதால் மூன்றாவதற்கு 3, மொத்தம் 8. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பிழை முழுவதும் நம் பக்கம். சிகிச்சை பெறுவோர் மறைக்கிறார்கள் என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் இடங்களில் எத்தனையோ, உண்மையில் நாம் கேட்கத் தெரியாமல் கேட்ட இடங்களாக இருக்கக்கூடும் என்று இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

இந்த மாவட்டத்துக்கென்று இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. "டாஸ்மாக் போவீங்களா?" என்று கேட்டால், எல்லைக்கு அப்பால் போய்க் கள் குடித்துவிட்டு வருபவர் இல்லை என்று நேர்மையாகவே சொல்லலாம். மாறாக, அக்கானி குடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை மதுவாக எழுதிவிடக் கூடாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீர் புளிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் வைனைப் பலர் குடியாகவே எண்ணுவதில்லை. குழந்தை பெற்ற பெண்ணுக்கு வைத்தியர் கொடுக்கும் தசமூலாரிஷ்டத்தில் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு. அதைக் குடி என்று சொல்வதே அநியாயம், ஆனால் பின்னால் சொல்லப்போகும் ஆய்வகச் சோதனைகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் "வெள்ளமடி உண்டா?" என்று கேட்டால் சட்டென்று புரிகிற கேள்வி, "மது அருந்தும் பழக்கம் உள்ளதா?" என்று அச்சடித்த தாளிலிருந்து வாசிக்கும்போது நீதிமன்றத்தில் கேட்பதுபோல் ஒலிக்கிறது.

நாள்காட்டி முறை இவற்றிலிருந்து வேறுபட்டது. கடந்த 30 அல்லது 90 நாளுக்கான நாள்காட்டியை முன்னால் விரித்து, நினைவில் நிற்கும் நாள்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு முன்னும் பின்னும் எந்த நாளில் எவ்வளவு குடித்தார் என்று சேர்ந்து நிரப்புவார்கள். நம் மாவட்டத்தில் அதற்கு நல்ல கொழுகொம்புகள் உண்டு: கோட்டாறு சவேரியார் திருவிழாவின் பத்து நாள்கள், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேர், உள்ளூர் விடுமுறையோடு வரும் ஓணம், சம்பளம் வாங்கும் சனிக்கிழமைகள். அதே நாள்காட்டியில் மாத்திரை விடுபட்ட நாள்களையும் வேறு நிறத்தில் குறித்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்பது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அந்தக் கணத்தில் நடக்கும் பேச்சுக்கு இணையான ஆலோசனையை நான் வேறு எங்கும் கண்டதில்லை. ஆனால் ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். கூட்டம் நிறைந்த காலை வேளையில் எல்லோருக்கும் செய்ய இயலாது.

கேள்விகளின் பெரிய குறை வெளிப்படையானது: மக்கள் குறைத்துச் சொல்கிறார்கள். வயதான ஒருவர் என்னிடம், "நான் இப்பம் குடிக்கது இல்ல மக்களே" என்று சொன்னபோது அவர் என்னை ஏமாற்ற முயலவில்லை. என் முகத்தை வாடச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. குடிப்பது தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சமும் பலரிடம் இருக்கிறது, சில இடங்களில் திட்டு வாங்கிய அனுபவத்திலிருந்து வந்த அச்சம் அது. காதில் கேட்பானை மாட்டி, பதிவுசெய்த குரல் தமிழில் கேட்கும் கேள்விக்குத் திரையைத் தொட்டுப் பதில் சொல்லும் முறை வெட்கத்தைக் குறைக்கக்கூடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஏற்றது. குறிப்பாகப் பெண்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே கையில் இருக்கும் இரத்தப் பரிசோதனைகள்

கல்லீரல் பரிசோதனையில் வரும் ஜி.ஜி.டி. என்ற நொதி, இரத்த அணுக்களின் பரிசோதனையில் வரும் எம்.சி.வி. என்ற சிவப்பணுவின் சராசரிப் பருமன் ஆகியவற்றை வைத்துக் குடியைக் கண்டுபிடிக்கலாம் என்பது மருத்துவ உலகில் பழகிப்போன எண்ணம். செலவு குறைவு, எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும். ஆனால் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவரிடம் இவ்விரண்டையும் மதுவின் அளவுகோலாகப் பயன்படுத்துவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

ஜி.ஜி.டி. மதுவால் உயரும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினால் உயரும், எஃபாவிரென்ஸால் உயரும், ஹெப்படைட்டிஸால், சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரலால் உயரும். எம்.சி.வி.யின் கதை இன்னும் வருத்தமானது. ஸிடோவுடின் என்ற மருந்தை எடுப்பவரின் சிவப்பணுக்கள் பருத்துவிடும். அது அந்த மருந்தின் இயல்பு. மருத்துவர்கள் சிலர் அதை மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார் என்பதற்கு அடையாளமாகவே கொள்வார்கள். இன்றும் அந்த மருந்து சிலருக்குத் தொடர்கிறது. அப்படிப்பட்டவரின் எம்.சி.வி. உயர்ந்திருப்பதைப் பார்த்து, "நீங்க குடிக்கீங்க" என்று சொல்வது, ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை எடுத்தவரை அந்த ஒழுக்கத்துக்காகவே குற்றஞ்சாட்டுவதாகும். ஒருமுறை அப்படிக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் அடுத்த மாதம் வரவில்லை. இந்தப் பரிசோதனைகள் கல்லீரலுக்காகவும் இரத்தத்துக்காகவும் தேவை, தொடரட்டும். அவற்றின் எண்களைக் குடிப்பழக்கக் கட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

சி.டி.டி. என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை இவற்றைவிட மதுவுக்குத் தனித்துவமானது. ஆனால் நாளுக்கு 50 முதல் 80 கிராம் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு குவாட்டர், இரண்டு வாரம் தொடர்ந்து குடித்தவரிடமே அது தெளிவாக உயரும். பெண்களிடம் இன்னும் குறைவாகவே காட்டும். மாத்திரையை மறக்கச் செய்வதற்கு அவ்வளவு குடி தேவையில்லை.

மூச்சு, சிறுநீர்

ஊதிக் காட்டும் கருவி சாலையில் காவல்துறைக்குப் பயன்படுகிறது, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. என்ற சட்ட வரம்பை அந்த நேரத்தில் ஓட்டுநர் மீறியிருக்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. நம் கேள்வி அதுவன்று. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு ஒரு குவாட்டர் குடித்தாலும், உடல் 100 மி.லி. இரத்தத்துக்கு மணிக்கு 15 மி.கி. அளவில் அதைக் கரைத்துவிடுவதால், காலை பத்து மணிக்கு மையத்துக்கு வரும்போது மூச்சில் அநேகமாக ஒன்றும் இருக்காது. அதோடு, மருத்துவமனை வாசலில் ஊதச் சொன்னால் நாம் காவலர்களாகிவிடுகிறோம்.

சிறுநீரில் எத்தில் குளுகுரோனைடு என்ற பொருளைத் தேடும் சோதனை கடந்த இரண்டு மூன்று நாளைக் காட்டும். அதிகம் குடித்தவரிடம் ஐந்து நாள் வரை போகும். பட்டைச் சோதனையாகவும் கிடைப்பதால் உடனே விடை தெரியும். ஆனால் ஆல்கஹால் கலந்த கைசுத்திகரிப்பான், வாய் கொப்பளிக்கும் திரவம், மேலே சொன்ன அரிஷ்டம் ஆகியவை குறைந்த வரம்பில் அதை ஆம் என்று காட்டச் செய்யலாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் கிருமியே அப்பொருளைச் சிதைத்து இல்லை என்று காட்டவும் செய்யலாம். செவ்வாய்க்கிழமை மையத்துக்கு வருபவர் சனிக்கிழமை குடித்ததை அது தவறவிடலாம். குடியை நிறுத்த முடிவெடுத்து, தன் முயற்சிக்குத் துணையாக வாரந்தோறும் சோதித்துக்கொள்ள விரும்புகிறவருக்கு அது நல்ல தோழன். எல்லோருக்கும் விதியாக்கத் தக்கதன்று.

மயிரைச் சோதித்து மூன்று மாதத்தை அறியும் முறையும், காலில் கட்டி வியர்வையில் அளக்கும் கருவியும் உண்டு. முதலாவதற்குரிய ஆய்வகம் அருகில் இல்லை. இரண்டாவதைக் கட்டிக்கொண்டு எந்த மீன்பிடிக் கிராமத்திலும் ஒருவர் கேள்விகளுக்கு ஆளாகாமல் நடமாட முடியாது.

பெத்: வலிமையும் எல்லையும்

இன்று ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது ஃபாஸ்ஃபாடிடைல் எத்தனால், சுருக்கமாகப் பெத். இரத்தத்தில் ஆல்கஹால் இருக்கும்போது மட்டும் சிவப்பணுவின் சவ்வில் உருவாகும் கொழுப்புப் பொருள் இது. கல்லீரல் நோயோ ஏ.ஆர்.டி. மருந்தோ இதைத் தோற்றுவிப்பதில்லை, ஜி.ஜி.டி.யிடமிருந்து இதை வேறுபடுத்துவது இந்த ஒரு குணம்தான், எச்.ஐ.வி. சிகிச்சையில் அது பெரிய குணம். நான்கு முதல் பத்து நாளில் பாதியாகக் குறையும் என்பதால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை காட்டும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்காதவர் அல்லது மிகக் குறைவாகக் குடிப்பவர் என்றும், 200க்கு மேல் இருந்தால் கடுமையான குடி என்றும் 2022இல் பாசல் உடன்பாடு என்ற பெயரில் வல்லுநர்கள் வகுத்தார்கள். விரலில் குத்தி எடுத்த துளியை அட்டையில் உலர்த்தி அனுப்பினாலும் சோதிக்கலாம்.

உகாண்டாவில் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோரிடம் நடந்த ஆய்வுகள், குடிக்கவில்லை என்று சொன்னவர்களில் ஒரு பகுதியினரின் இரத்தத்தில் பெத் இருப்பதைக் காட்டின. அவற்றை வாசிக்கும்போது எழும் முதல் எண்ணம், "அப்படியென்றால் கேள்வியை விட்டுவிட்டு இரத்தத்தையே நம்பலாம்" என்பது. நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன். நம் மாவட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் தளர்ந்தது.

தூத்தூர், வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரக்கணக்கில் கடலில் இருக்கிறார்; அங்கே குடிப்பதில்லை; கரையேறியதும் ஐந்தாறு நாள் தொடர்ந்து ஆஃப் அளவுக்குக் குடிக்கிறார். கரையேறிய அன்றே மாத்திரை வாங்க வந்து துளி கொடுத்தால் பெத் இல்லாதது போலக் காட்டும். ஒரு வாரம் கழித்து வந்தால் 200ஐத் தாண்டியிருக்கும். மனிதர் ஒருவரே, பழக்கமும் ஒன்றே. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாள்களில் எடுத்தால் எண் வேறொன்றாக இருக்கும். தவக்காலத்தில் குடியை விட்டிருக்கும் கத்தோலிக்கருக்கும், மாலை போட்டிருக்கும் ஐயப்ப பக்தருக்கும் இதே நிலைதான். கடந்த ஓராண்டைப் பற்றிக் கேட்கும் ஆடிட்-சி இவர்களை அடையாளம் காணும், பெத் தவறவிடும்.

இரவுதோறும் கட்டிங் போடும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி விஷயத்தில் நிலை வேறு. அதிகாலையில் எழுந்து வெட்டப் போக வேண்டியவர், உடல்வலிக்கு என்று தினமும் 90 மி.லி. குடிக்கிறார், அதைக் குடி என்றே அவர் எண்ணவில்லை, எனவே கேள்விக்கு இல்லை என்பார். சீராகத் தினமும் குடிப்பதால் பெத் அவரைத் தவறவிடாது. முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண் ஒருவர் எப்போதாவது குடித்தாலும் எந்தக் கேள்விக்கும் ஆம் என்று சொல்ல மாட்டார். சொன்னால் ஊரில் தன் பெயர் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எப்போதாவது மட்டும் குடிப்பவரானால் பெத்தும் அவரைக் காட்டாமல் போகலாம். இரத்தசோகை உள்ளவரிடம், சிவப்பணுவே குறைவு என்பதால், அளவு குறைந்து தெரியக்கூடும். அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவரிடம் கொடையாளரின் குடி இவர் கணக்கில் வரலாம்.

இதற்கு வேண்டிய நிறைநிறமாலைக் கருவி பெரிய ஆய்வகங்களில் மட்டுமே உண்டு. ஆகவே அட்டைகள் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும், முடிவு வர நாள்கள் ஆகும். எச்.ஐ.வி. நிலையோடு சேர்ந்து ஒரு மாதிரி பயணப்படும் ஒவ்வொரு அடியும் இரகசியம் கசியக்கூடிய ஓர் இடம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் ஒப்புதலையும் இரகசியத்தையும் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. வழக்கமான வைரஸ் அளவுப் பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்திலேயே சொல்லாமல் பெத்தையும் பார்த்துவிடலாம் என்று யாராவது எளிய வழி சொன்னால், அதை ஏற்கவே கூடாது. சோதனையின் துல்லியத்தைவிட, "இவர்கள் எனக்குத் தெரியாமல் என் இரத்தத்தில் எதையோ தேடுகிறார்கள்" என்ற பேச்சு மையத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் பரவும் வேகம் பெரிது.

என் தேர்வு

ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும், இணைப்பு மையங்களிலும், ஆண்டுக்கு இருமுறை எல்லோருக்கும் ஆடிட்-சி கேட்பதையே நான் தேர்வேன். அச்சடித்த மொழிபெயர்ப்பை வாசிக்காமல், கட்டிங், குவாட்டர், பீர், கள், வைன் என்று பெயர் சொல்லி, காலிப் பாட்டில்களின் படம் வைத்த அட்டையைக் காட்டி, கடந்த ஓராண்டைத் திருவிழாக்களாலும் விரதங்களாலும் தடைக்காலத்தாலும் பிரித்துக் கேட்க வேண்டும். கதவு சாத்திய அறையில், துணையாக வந்தவர் வெளியே இருக்க, மாத்திரை எண்ணிக் கொடுத்து முடித்த பிறகே கேட்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைப்பேன். மாத்திரைப் பையைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு, இந்தப் பதிலால் அது பறிபோகாது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. கேள்விக்கு முன்பே, "அண்ணே, குடிச்ச அன்னைக்கும் மாத்திரைய விட்டுராதீங்க, அதுதான் எனக்கு முக்கியம்" என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்வது குடிக்க அனுமதி கொடுப்பதாகாதா என்று மூத்த செவிலியர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. ஆனால் குடியும் தொடர்ந்து மாத்திரையும் விடுபடுவதைவிட, குடி தொடர்ந்தாலும் மாத்திரை விடுபடாமல் இருப்பது அந்த உடலுக்கு மிகப் பெரிய வேறுபாடு.

ஆடிட்-சியில் வரம்பைத் தொட்டவருக்கும், வைரஸ் அளவு கட்டுக்குள் வராதவருக்கும் நாள்காட்டி முறையைக் கடைப்பிடிக்கலாம். எண்ணிக்கை சிறிதாகிவிடுவதால் அரை மணி நேரம் கிடைக்கும். பெத்தை தனிமனிதரைச் சோதிக்கப் பயன்படுத்தாமல், நம் கேள்வியைச் சோதிக்கப் பயன்படுத்தலாம். மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலோடு, விரும்பி முன்வருவோரிடம், பெயரில்லாத அட்டைகளில் துளி வாங்கி, அதே நாளில் வாங்கிய ஆடிட்-சி பதிலோடு ஒப்பிட்டால், நம் மையத்தில் எவ்வளவு குறைத்துச் சொல்லப்படுகிறது என்று தெரிந்துவிடும். அதிகம் என்று தெரிந்தால் திருத்த வேண்டியது அறையையும் கேட்கும் விதத்தையும். பெயரில்லாததால் எந்தத் தனி ஆளிடமும் அந்த முடிவைக் காட்டி வாதாட யாராலும் முடியாது. அதனாலேயே பெயர் வேண்டாம் என்கிறேன்.

இந்தத் தேர்வில் ஓர் இழப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. முந்திரி ஆலைப் பெண்ணும், கட்டிங்கைக் குடியாக எண்ணாத பால்வெட்டுத் தொழிலாளியும் முதல் ஆண்டில் நம் கணக்கில் வராமல் போகலாம். பாட்டில் படம் உள்ள அட்டை இரண்டாமவரை ஓரளவு கொண்டுவரும். குரல் வழிக் கேள்வி முதலாமவரைக் கொண்டுவருமா என்று முயன்று பார்க்க வேண்டும். கட்டாயச் சோதனை வைத்தால் இருவரையும் உடனே கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும், ஆனால் கண்டுபிடிக்கப்பட்டவர் அடுத்த மாதம் அதே மையத்துக்கு வர வேண்டுமே.

பதிவேட்டிலும் ஒரு சிறு மாற்றம் வேண்டும். குடிப்பழக்கம் என்ற இடத்தில் இப்போது ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். மூன்றாவதாக "இன்று கேட்கவில்லை" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதைக் குறிப்பதற்காக எந்த ஆலோசகரும் கண்டிக்கப்பட மாட்டார் என்று மையப் பொறுப்பாளர் சொல்லிவிட வேண்டும். கூட்டம் நெரிந்த நாளில் என் பேனா அந்தக் கட்டத்தைத்தான் தேடியது.